பேச்சியம்மாள் வாசலுக்கு வந்த பாதை

சன்னாசி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாள் காலை, முப்பத்துநாலு வருஷம் அவர் ஏறி இறங்கிய மலைப்பாதை அவரைத் தேடிக்கொண்டு செம்பாறைப்பட்டிக்கு வந்துவிட்டது.

முதலில் பார்த்தது அவர் மனைவி பேச்சியம்மாள். மார்கழி மாசம், அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. சாணி கரைத்த வாளியோடு கதவைத் திறந்தவள், வாசலில் இரண்டடி அகலத்துக்குச் செம்மண் கிடப்பதையும், மண்மேல் சருகு கிடப்பதையும், குறுக்கே வேர் ஓடுவதையும், வேருக்குப் பக்கத்தில் ஒரு அட்டை நெளிவதையும் பார்த்தாள். மண்ணிலிருந்து மலைக்குளிர் எழுந்து அவள் முழங்கால்வரை ஏறியது. பாதையின் நுனி, வெகுதூரம் நடந்து களைத்தது போல, வாசற்படிமேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

பேச்சியம்மாள் ஒருநாளும் மலை ஏறியவளில்லை. ஆனாலும் வந்திருப்பது யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முப்பத்துநாலு வருஷமாக அந்தச் செம்மண்ணைத்தான் புருஷனின் காக்கி டவுசரிலிருந்து கும்மி அலசியிருக்கிறாள். அந்த முள்ளைத்தான் காலிலிருந்து எடுத்திருக்கிறாள். அந்த அட்டைக்குத்தான் உப்பு வைத்திருக்கிறாள். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பிப் போய், மலையுச்சியில் இருக்கும் முகட்டுக்குடிவரை ஏறி, வழியில் விழுந்த மரத்தை வெட்டி, தீ எரிகிறதா, யானை கடந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாயந்திரம் இறங்கி வரும் காட்டுக் காவலர் வேலை சன்னாசிக்கு. ஏற அரைநாள், இறங்க அரைநாள், வீட்டுக்கு மிச்சமிருந்ததெல்லாம் தூக்கம்தான். அதனால் அந்தப் பாதைக்கு அவள் எப்போதோ ஒரு பேர் வைத்திருந்தாள்: சக்களத்தி.

"வந்துட்டியா," என்றாள் பேச்சியம்மாள். வாளியை இறக்கி வைத்தாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "என்னங்க, எந்திரிங்க. உங்களத் தேடி ஆள் வந்திருக்கு."

வந்ததை விரட்ட அவளுக்கு மனசு வரவில்லை. பாதையின் நுனியைச் சுற்றி வளைத்துக் கோலம் போட்டாள், நடுவில் ஒரு பூசணிப்பூவும் வைத்தாள்.

விடிந்ததும் ஊர் பார்த்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் பாதை ஒரே வாசலில் அடங்குமா? அது மலையடிவாரத்திலிருந்து வந்து, ரைஸ்மில்லைச் சுற்றி, நூலகத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடையே நுழைந்து, காளியம்மன் கோயிலுக்குப் பின்னால் திரும்பி, ஊரையே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பேச்சியம்மாள் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதனால் தெருவுக்கு ஒரு துண்டாவது எல்லோருக்கும் கிடைத்தது. மரம் எதுவும் கூட வரவில்லை. ஆனால் மர நிழல் வந்திருந்தது, வெயில் ஏற ஏற அது சிமெண்டு ரோட்டின்மேல் அசைந்தது. பறவை வரவில்லை, ஆனால் சீகாரப் பூங்குருவியின் சீட்டி மட்டும் பஸ் நிறுத்தம் பக்கம் காலையிலும் மாலையிலும் கேட்டது. டீக்கடை காசி தன் பெஞ்சுகளைத் தூக்கிப் பாதையோரம் போட்டார். அங்கே உட்கார்ந்தால் குளிரும், குளிர்ந்தால் ஒரு டீயோடு எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம், அது பலித்தது. தண்ணீர்க் குடம் சுமந்த பெண்கள் சுற்றுவழி ஆனாலும் நிழலிலேயே நடந்தார்கள். வீசிங் வந்த கணக்கு வாத்தியார் கோயிலுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். ரேஞ்சர் டேப்போடு வந்து மூன்று சுற்றையும் அளந்து, ஒரு முழம்கூடக் குறையவில்லை என்று கண்டு, பாதை நல்ல நிலையில் இருக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதினார்.

சன்னாசி அதன் பக்கத்திலேயே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கினார், வேரில் யாரும் இடறாதபடி மண் அணைத்தார். அவருடைய இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. இனிமேல் மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலை முடிந்த வருத்தத்தைவிட மலைக்கு இனிப் போக முடியாது என்ற வருத்தம்தான் அவருக்கு. பாதை தானாகவே வந்துவிட்டதில் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியில் வெட்கம்.

"நான் ஒண்ணும் கூப்பிடலை, பேச்சி," என்றார்.

"நீங்க கூப்பிட்டிருந்தாக்கூடப் பரவால்ல. கூப்பிடாமலே வந்திருக்கே, அதான் எரியுது," என்றாள் அவள்.

இப்படிப் பதினைந்து நாள் போனது. கீழே எல்லோருக்கும் நிழல் கிடைத்தது. மேலே முகட்டுக்குடியில் நாற்பது வீட்டுக்கும் வழி இல்லாமல் போனது. பாதை இருந்த இடத்தைக் காடு மூடிக்கொண்டது. வெட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார்கள்; பகலில் வெட்டிய புதர் மறுநாள் விடிவதற்குள் தலைக்குமேல் வளர்ந்து நின்றது. ஆரஞ்சு பழுத்து மரத்தடியிலேயே விழுந்தது. அரிசிப்பானை அடி தட்டியது. மலையுச்சியில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறைமேல்தான்; போதுராசா என்ற பையன் அந்தப் பாறையில் ஏறி நின்று இதையெல்லாம் மேனகாவிடம் சொன்னான். மேனகா செம்பாறைப்பட்டியில் தையல்கடை வைத்திருக்கும் பெண். தை பதினைந்தாம் தேதி இருவருக்கும் கல்யாணம்.

மேனகா நேராகப் பேச்சியம்மாளிடம் வந்தாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"உங்க வீட்டுப் பாதைய மேல அனுப்பி வைக்கணும். மாப்பிள்ள வீடு மேல இருக்கு, மாப்பிள்ளையும் மேல இருக்காரு. கீழ வச்சுக்கிருவோம்னாலும் அவங்க எறங்கி வர வழி இல்ல. வழி உங்க வாசல்ல படுத்திருக்கு."

பேச்சியம்மாள் கட்டிலைப் பார்த்தாள். சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலை, டாக்டர் சொன்னதை மடித்து வைத்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தார். அவர் நடக்க நடக்க, ஊரைச் சுற்றியிருந்த பாதை ஒவ்வொரு சுற்றாக அவிழ்ந்து அவர் காலடிக்கு ஓடியது. அடிவாரப் புளியமரம் வரை எல்லாம் சரியாக நடந்தது. முதல் ஏற்றத்தில் வலது முழங்கால் மடங்கிவிட்டது. அவர் உட்கார்ந்தார், பாதையும் அவரைச் சுற்றி வளையம் போட்டுப் படுத்தது. மத்தியானம் இரண்டும் வீடு திரும்பின.

"என்னை விட்டுட்டுப் போகாது அது," என்றார் சன்னாசி. "நான் செத்தாத்தான் போகும் போல."

"வாயக் கழுவுங்க," என்றாள் பேச்சியம்மாள். அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டே, "உங்க பூட்ஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

தை பதினாலாம் தேதி காலை ஆறரை மணிக்கு, ஐம்பத்தாறு வயசுப் பேச்சியம்மாள் புருஷனுடைய கான்வாஸ் பூட்ஸுக்குள் பழந்துணியைத் திணித்துக் கால் நுழைத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மேனகா. மேனகாவுக்குப் பின்னால் சீர்த்தட்டும் தேங்காய்ப்பழமும் ஒரு தையல்மெஷினுமாகப் பெண்வீட்டார் நாற்பது பேர், தெருமுனைவரை ஒற்றை வரிசையில் நின்றார்கள்.

சன்னாசி கட்டிலிலிருந்து குனிந்து பாதையைத் தட்டிக் கொடுத்தார். "போ. இவ யாரோ இல்ல. இவ கூடப் போறதும் என் கூடப் போறதும் ஒண்ணுதான்."

பாதை நகரவில்லை. பேச்சியம்மாள் பூட்ஸ் காலை ஓங்கி அதன்மேல் வைத்தாள். பழகிய மிதி என்று தெரிந்ததோ என்னவோ, அது ஒருமுறை சிலிர்த்து, சருகெல்லாம் சலசலக்க மெல்ல எழுந்து, அவளுக்கு முன்னால் நாலடி ஓடி நின்றது.

"நட," என்றாள்.

புளியமரம்வரை அவள் அதைக் கன்றுக்குட்டியை ஓட்டுவது மாதிரிதான் ஓட்டினாள். ஏற்றம் தொடங்கியதும் ஏச ஆரம்பித்தாள். மூத்தவள் பிறந்தபோது அந்த மனுஷன் எங்கே இருந்தார், உன்மேல்தானே நின்றார். மூன்று தீபாவளிக்கு எண்ணெய் காய்ச்சி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, நீ மரத்தைக் குறுக்கே விழவைத்து அவரைப் பிடித்து வைத்தாயே. என் தம்பி கல்யாணத்துக்குக்கூட உன் மண்ணோடுதானே வந்து நின்றார் என்று, முப்பத்துநாலு வருஷத்தையும் வருஷம் விடாமல் எடுத்துப் போட்டாள். பாதை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முன்னால் போனது. அது போகப் போகப் புதர் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. நாற்பது பேரும் மூச்சு வாங்கப் பின்னால் ஏறினார்கள்.

மூங்கில்காடு வந்தபோது அவள் குறைகளில் பாதி தீர்ந்திருந்தது. மூங்கில் ஒன்றோடொன்று உரசி முனகியது. மேலே இலைகளுக்கிடையே வெயில் காசு காசாக விழுந்தது. ஓடை வந்தது. தண்ணீருக்கு நடுவே, தாண்டுவதற்குத் தோதாக ஏழு கற்கள் போட்டிருந்தன. கால் அகலத்துக்குச் சரியாகத் தேடி எடுத்துப் போட்ட கற்கள். எந்தக் கையின் வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் ஒரு மாசம் இழுக்கிற கை. அவள் நாலாவது கல்லில் நின்று குனிந்து தண்ணீர் அள்ளிக் குடித்தாள். அதற்குப் பிறகு ஏசுவதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

"இது என்ன பூவு? இங்கதான் உக்காந்து சாப்பிடுவாரா? நான் கட்டிவிட்ட புளிச்சோத்த முழுசாத் திம்பாரா, இல்ல குரங்குக்குப் போட்டுருவாரா?"

பாதை பதில் சொல்லாது. ஆனால் ஒரு பெரிய மரத்தடியில், ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான வேர் ஒன்றின் பக்கத்தில், தானாகவே கொஞ்சம் அகலமாகி நின்றது. அவள் உட்கார்ந்து பார்த்தாள். எதிரே பள்ளத்தாக்கு முழுக்கச் சோலை. பச்சையில் எத்தனை பச்சை உண்டோ அத்தனையும் அங்கே இருந்தன. மரத்துக்கு மரம் பாசி தாடி விட்டிருந்தது. இருவாச்சி ஒன்று, ஓலைப்பாயை உதறுவது மாதிரி இறக்கைச் சத்தம் கேட்க, பள்ளத்தைக் குறுக்கே கடந்து போனது. கருமந்திகள் கிளை உலுக்கி, கல்யாணக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தின.

"நல்லாத்தான் இருக்க," என்றாள் பேச்சியம்மாள் மெதுவாக. யாரிடம் சொன்னாள் என்று மேனகா கேட்கவில்லை.

சோலை முடிந்ததும் வானம் திறந்தது. முதல் முகடு. இரண்டு பக்கமும் புல் சரிந்து இறங்க, நடுவில் பாதை முதுகெலும்பு மாதிரி ஓடியது. இரண்டாம் முகட்டில் ஏறியதும் காற்று வந்து முகத்தில் அறைந்தது. மூச்சுவிடாமல், நிறுத்தாமல், ஒரு பக்கம் ஓய்ந்தால் மறு பக்கமிருந்து எடுத்துக்கொண்டு ஓலமிட்ட காற்று. பின்னால் வருகிறவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

மேனகா அவள் காதருகே வந்து கத்தினாள். "பெரியம்மா, இதுதான் பேச்சிமுகடு!"

"என்ன முகடு?"

"பேச்சிமுகடு! மேல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அம்மன் பேருன்னு நெனச்சு மஞ்சள்கூடப் பூசினாங்களாம். பெரியப்பாதான், அம்மன் இல்லப்பா, என் வீட்டுக்காரி பேரு, வாய் ஓயாததுக்கு வச்சேன்னு சொன்னாராம்."

பேச்சியம்மாளுக்கு முகம் சிவந்தது. "வீட்டுக்குப் போறேன், இருக்கு அந்த மனுசனுக்கு."

"முழுசாக் கேளுங்க, பெரியம்மா. தெனம் பத்து மணிக்கு இங்க நிப்பாராம். இந்தப் பாதையிலயே உங்க வீடு தெரியிற எடம் இது ஒண்ணுதானாம். கொடியில என்ன காயுதுன்னு பாத்துட்டு, இன்னைக்குப் போர்வையெல்லாம் தொவச்சுப் போட்டிருக்கா, கோவமா இருக்கா, சீக்கிரம் எறங்கணும்பாராம். எங்க மாமனார்தான் சொன்னாரு."

பேச்சியம்மாள் திரும்பினாள். கீழே, வெகு கீழே, பனி விலகிய சமவெளியில் தீப்பெட்டிகளை அடுக்கியது மாதிரி ஊர் தெரிந்தது. கோயில் கோபுரத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்தாள். தெருவை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கொடியில் துணி காய்ந்தது. அவள் காலையில் எதையும் துவைத்துப் போடவில்லை. சிவப்பு, மஞ்சள், கத்திரிப்பூ, மயில்கழுத்து நிறம், மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு என்று, பெட்டியில் இருந்த அவள் சேலை அத்தனையையும், ஒருநாளும் ஒரு கைக்குட்டையைக்கூட உலர்த்தியறியாத மனுஷன், வாசல் நெடுக வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எங்கே அவள் கண்ணுக்குத் தப்பிவிடுமோ என்று பயந்தவர் மாதிரி.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காற்று கத்திக்கொண்டிருந்ததால் அவள் அழுத சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நாற்பது பேரும் சீர்த்தட்டோடு பொறுமையாக நின்றார்கள்.

எழுந்தபோது பூட்ஸ் கடித்துக் குதிகால் கொப்பளித்திருந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்கால் பட்டதும் பாதை திடுக்கிட்டு நின்றது. அவளும் நின்றாள். இனி வருமோ வராதோ என்று மேனகா தாலியே கைவிட்டுப் போனது மாதிரி முகம் வெளுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில், காற்றிலிருந்த ஈரச் சருகெல்லாம் ஒன்றொன்றாக வந்து பேச்சியம்மாள் பாதத்துக்கு முன்னால் மெத்தையாக விழுந்தன. அவள் மிதித்தாள். அது நடந்தது. மூன்றாம் முகட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் ஏறின. யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

உச்சிப்பொழுதில் முகட்டுக்குடி தெரிந்தது. ஊரே எல்லையில் நின்றது. பெண்ணுக்கு எடுத்த ஆரத்தியைப் பாதைக்கும் சேர்த்து எடுத்தார்கள். போதுராசா மேனகாவைப் பார்த்துச் சிரிப்பதா, பாதையைப் பார்த்து அழுவதா என்று தெரியாமல், பேச்சியம்மாள் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு ஓடினான். மறுநாள் காலை முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. முதல் பந்தி முடியுமுன்னே நாலு குதிரை ஆரஞ்சு மூட்டையோடு கீழே இறங்கிவிட்டது.

பந்தி நடக்கும்போதுதான் பேச்சியம்மாள் அதைக் கவனித்தாள். அவள் சமையல் கொட்டகைக்குப் போனால் பாதையின் நுனி கொட்டகைக்கு வந்தது. கை கழுவப் போனால் தொட்டிவரை வந்தது. இலை எடுக்கப் போனால் இலைக்கட்டுப் பக்கம் சுருண்டு படுத்தது. மற்றவர்கள் எல்லோரும் அதன்மேல் ஏறலாம், இறங்கலாம்; அதற்கு ஒன்றுமில்லை. அவள் ஒருத்தி இறங்கினால் அதுவும் கூடவே இறங்கிவிடும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தி முடிந்ததும் பாதையைக் கூட்டிக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க பாரு," என்றாள். "அந்த மனுசனால இனி வர முடியாது. நானும் வர மாட்டேன். வந்தா நீ என் பின்னாலயே வந்துருவ. எனக்கும் திட்டுறதுக்கு ஒரு ஆள் இருந்த மாதிரி இருந்துச்சு. ஆனா இங்க நாப்பது வீடு இருக்கு. நேத்து வந்த பிள்ள ஒண்ணு இருக்கு, அதுக்கு ஆத்தா வீட்டுக்குப் போக வழி வேணும். நீ இருந்துரு."

கையோடு எடுத்து வந்திருந்த பூட்ஸைப் பாதையின் நுனியில், ஜோடியாக, ஆள் நிற்பது மாதிரி வைத்தாள். அதன்மேல் கையை ஒருமுறை வைத்து எடுத்தாள். பிறகு எழுந்து, பாதையில் கால் வைக்காமல், பக்கத்துப் புதருக்குள் நுழைந்தாள்.

ஏறியதைவிட இறங்கியது கடினமாக இருந்தது. இடது கைப்பக்கம் நல்ல பாதை போய்க்கொண்டிருந்தது. பெண்வீட்டார் அதன்மேல் சிரித்துப் பேசி இறங்கிப் போனார்கள். மேல வந்துருங்க அத்தை, ஏன் முள்ளுக்குள்ள போறீங்க என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வெறுங்காலோடு, கல்லிலும் முள்ளிலும் உண்ணிச்செடியிலும், சேலை கிழிய, ஒரு இடத்தில் உட்கார்ந்து சறுக்கியும் இன்னொரு இடத்தில் வேரைப் பிடித்துத் தொங்கியும், பன்னிரண்டு கிலோமீட்டரும் அவள் ஒருமுறைகூட அந்தச் செம்மண்ணை மிதிக்கவில்லை. ஓடையைக் கடக்கும்போது ஏழு கற்களையும் விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். பின்னால் எதுவும் வரவில்லை. அடிவாரப் புளியமரத்தடியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பாதை மலைமேல் வளைந்து வளைந்து போய் முகட்டில் மறைவது பொழுதுசாயும் வெளிச்சத்தில் துல்லியமாகத் தெரிந்தது.

சன்னாசி தெருமுனையில் கம்பு ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"எங்க அது?" என்றார்.

"இருக்கு. மேலயே இருக்கு."

அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, கீழே பலகை போட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஊக்கை நெருப்பில் காட்டி முள் எடுக்க ஆரம்பித்தார். முதல் முள் வந்ததும் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது ஈங்கமுள்ளு. புளியமரம் தாண்டி முதல் ஏத்தத்துல இருக்கும்," என்றார். "ஆரம்பத்துலருந்து சொல்லு, பேச்சி. ஒண்ணையும் விடாமச் சொல்லு."

அவள் சொன்னாள். புளியமரத்தடி மண் ஈரமாக இருந்ததா என்று கேட்டார், இருந்தது என்றாள். ஏற்றத்தில் வலதுபுறம் நெல்லி காய்த்திருக்கிறதா என்றார். காய்த்து உதிர்ந்து கிடக்கிறது என்றாள். அவள் ஏறுகிற வேகத்துக்கே சொன்னாள், மூச்சு வாங்கிய இடத்தில் நிறுத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கை மட்டும் முள்ளைத் தேட, கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அடுப்பு பற்றவைக்கவில்லை. பால்காரர் வந்து பார்த்துவிட்டுப் பாத்திரத்தில் ஊற்றி மூடிவைத்துப் போனார்.

டீக்கடை காசி வந்தார். பாதை போனதிலிருந்து பெஞ்சில் ஆள் இல்லாத குறை அவருக்கு. "அண்ணே, அது திரும்பி வருமா, இல்ல நான் பெஞ்ச உள்ள எடுத்துப் போட்டுறவா?" என்று வாசலில் நின்றே கேட்டார்.

சன்னாசி கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாத காசி. இப்பத்தான் மூங்கில்காடு தாண்டியிருக்கோம். உச்சிக்குப் போக இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

காசி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.